நோயாளியோடு பதிவும் ரயிலேற வேண்டும்!

இருமல் விடாவிட்டால் ஊருக்குப் போ என்பது நம் மக்களின் பழைய வைத்தியம். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் செம்பூரிலும் தோல் பை தைத்தும், கட்டட வேலை பார்த்தும், இட்லிக் கூடை சுமந்தும் வாழும் தமிழன், மாலைதோறும் காய்ச்சல், இரவில் வியர்வை என்று உடம்பு பாதியாக இளைத்தபின் ஒரு நாள் தாதரில் ரயிலேறிவிடுகிறான். ஊர்க் காற்றும் தாய் கைக் கஞ்சியும் தன்னைத் தேற்றிவிடும் என்று நம்புகிறான். சிலருக்கு அதற்கு முன்பே மாநகராட்சி டிஸ்பென்சரியில் சளி சோதித்து, காசநோய் என்று சொல்லி, மாத்திரையும் தொடங்கியிருப்பார்கள். முதல் மாதத்து மாத்திரையிலேயே இருமல் அடங்கியிருக்கும். கையில் கொண்டுபோனது ஊரில் பத்து நாளில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு அவன் என்ன ஆனான்? இங்குள்ள டிஸ்பென்சரிக்குத் தெரியாது. அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தெரியாது.

இந்தத் ‘தெரியாது’ என்ற ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறோம். ஏனென்றால், இந்தச் சொல்லை ஒழிப்பதற்கென்றே மத்திய சர்க்கார் ஒரு கணிப்பொறிப் பதிவு முறையை 2012 முதல் நடத்திவருகிறது. ‘நிக்ஷய்’ என்பது அதன் பெயர். நம் பாட்டிமார் க்ஷயரோகம் என்று சொன்னார்களே, அந்த க்ஷயம் இல்லாமற் போவது என்பது அதன் பொருள். நோயாளி நாட்டின் எந்த மூலைக்குப் போனாலும் அவனுடைய மருத்துவக் கணக்கு அவனைத் தொடர வேண்டும் என்பது அதன் நோக்கம். இந்த ஏற்பாட்டால் யாரையும்விட அதிகம் பயன்பெற வேண்டியவர்கள் இடம் விட்டு இடம் பெயரும் நம்மைப் போன்றவர்களே. ஆனால் அதில் யாரையும்விட எளிதாக நழுவிவிடுகிறவர்களும் நாம்தான். ஏன் இப்படி?

நோயின் அளவு

உலகில் ஆண்டுதோறும் காசநோய் காண்பவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் இந்தியர். 2024-ல் மட்டும் நம் நாட்டில் 26 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் பதிவானார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2015-ல் லட்சம் பேருக்கு 237 ஆக இருந்த புதிய நோயாளிகளின் விகிதம் 2024-ல் 187 ஆகக் குறைந்திருக்கிறது. இதை நாம் மறைக்கப் போவதில்லை, குறைவு குறைவுதான். ஆனால் 2025-க்குள் காசநோயை ஒழித்துவிடுவோம், உலகம் வைத்த 2030 என்ற கெடுவுக்கு ஐந்தாண்டு முன்பே முடித்துவிடுவோம் என்று 2018 மார்ச்சில் டில்லியில் பிரதமர் அறிவித்தாரே, அந்த இலக்கு எட்டப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இது காற்றில் பரவும் நோய். வெயில் எட்டிப் பார்க்காத பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் படுத்துறங்கும் இடமே அதற்கு வசதியான வீடு. அரை வயிற்று உணவு அதற்கு உற்ற தோழன். கல்லுடைக்கும் தூசி நுரையீரலில் படிந்தவனை அது இன்னும் எளிதாகப் பிடிக்கிறது. ஆகவே இது கிருமியால் வரும் நோய் என்றால் மட்டும் போதாது. கூலியும் குடியிருப்பும் சேர்ந்து வளர்க்கும் நோய் இது.

மருந்து இருக்கிறது, இலவசமாகவே இருக்கிறது. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் நாள் தவறாமல் மாத்திரை விழுங்கினால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும். சில வேளை மருந்துக்கு மசியாத நோயாகத் திரும்பும். அப்போது வைத்தியமும் கடினம், செலவும் அதிகம், உயிருக்கு ஆபத்தும் அதிகம். ஊருக்குப் போகும் வழியில் விட்டுப்போன மாத்திரைக்கு இவ்வளவு பெரிய விலை இருக்கிறது.

மதறாஸ் காட்டிய வழி

இந்த நோய் வந்தவனை வீட்டை விட்டு விலக்கி வைக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் மருத்துவ உலகமே நம்பியது. சானடோரியத்தில் மாதக்கணக்காகப் படுக்கவைப்பதே வைத்தியமாக இருந்தது. அந்த நம்பிக்கையை உடைத்த நகரம் நம் மதறாஸ். 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும், மாகாண சர்க்காரும் சேர்ந்து அங்கே ஒரு காசநோய் மருந்து ஆய்வு மையத்தைத் தொடங்கின. நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரில் ஒரு பாதியினருக்கு சானடோரியத்திலும், மறுபாதியினருக்கு அவரவர் வீட்டிலும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நெருக்கடியான வீடு, போதாத உணவு என்று எல்லாக் குறையும் இருந்தும் வீட்டில் மருந்து சாப்பிட்டவர்கள் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். அவர்கள் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகத் தொற்றிவிடவும் இல்லை. 1959-ல் வெளியான இந்த முடிவுதான் உலகெங்கும் சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது.

நோயாளியின் சாமானைத் தெருவில் எறியும் வீட்டுக்காரனுக்கும், மருமகளைத் தாய் வீட்டுக்கு விரட்டும் மாமியாருக்கும் சொல்லிக் காட்ட வேண்டிய செய்தி இது. அதைச் சொல்லும் உரிமை தமிழனுக்கு எல்லோரையும்விட அதிகம் உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சானடோரியத்தில் இருக்கும் நோயாளி எங்கே இருக்கிறான் என்று யாரும் தேட வேண்டியதில்லை. நான்கு சுவர்கள் இருக்கின்றன. வீட்டில் வைத்தியம் என்று ஆனபின் அந்தச் சுவர்களின் வேலையைப் பதிவேடு ஏற்றுக்கொண்டது. யார் மருந்து வாங்கினார், யார் வரவில்லை, யாரைத் தேடிப் போக வேண்டும் என்று அட்டையும் பேரேடும்தான் சொல்ல வேண்டும். 1962-ல் தேசியத் திட்டம் வந்தபோதும், 1997-ல் அது திருத்தி அமைக்கப்பட்டபோதும் காகித அட்டைதான் ஆதாரம். பக்கத்துத் தெருவில் இருப்பவனுக்கு அந்த அட்டை போதும். ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டிப் போனவனுக்கு? இடமாற்றச் சீட்டு ஒன்று எழுதிக் கையில் கொடுப்பார்கள். அது சட்டைப் பையில் நனைந்து கிழியும். அல்லது பெட்டிக்குள் கிடக்கும். தொடர்ந்து இரண்டு மாதம் மருந்து சாப்பிடாதவனைக் கடமை தவறியவன் என்று பொருள்படும்படி ‘டிஃபால்ட்டர்’ என்று சிவப்பு மையில் எழுதினார்கள். கடன் வாங்கி ஏமாற்றியவனுக்குச் சொல்லும் சொல்லை நோயாளிக்குச் சொன்னார்கள்! 2013-ல்தான் உலக சுகாதார நிறுவனம் அந்தச் சொல்லைக் கைவிட்டு, ‘தொடர்பு விட்டுப்போனவர்’ என்ற பொருளில் மாற்றிக்கொண்டது. சொல் மாறியது நல்லதே. ஆனால் தொடர்பு யாரால் விட்டுப்போனது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

புதிய பதிவு என்ன செய்கிறது?

ரயில்வேயில் வேலை பார்க்கும் நமக்கு இது எளிதில் விளங்கும். மும்பையிலிருந்து ஊருக்குப் போகிறவர் திரும்பிவரும் பயணத்துக்கும் இங்கேயே படுக்கை பதிவு செய்ய விரும்பினால், முன்பெல்லாம் அந்த ஊர் ஸ்டேஷனுக்குத் தந்தி அடித்துப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும் என்று மூத்த தோழர்கள் சொல்வார்கள். 1980-களின் நடுவில் டில்லியில் கணிப்பொறி முன்பதிவு தொடங்கி, பிறகு எல்லா மையங்களும் ஒன்றாக இணைக்கப்பட்டபின் எந்த ஜன்னலில் நின்றும் எந்த ஊர் வண்டிக்கும் டிக்கெட் எடுக்க முடிகிறது. பயணியின் எண் ஒன்றே. அதை எங்கே கேட்டாலும் விவரம் வரும்.

நிக்ஷய் பதிவும் அதே முறைதான். நோய் கண்டவுடன் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கப்படுகிறது. பெயர், வயது, முகவரி, செல்போன், சோதனை முடிவு, எந்த மருந்து, எந்தத் தேதியில் தொடங்கியது, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, கடைசியில் குணமானாரா என்பதெல்லாம் அந்த எண்ணின்கீழ் ஏறுகின்றன. நோயாளி ஊருக்குப் போவதானால், இங்குள்ள நிலையம் அவரைக் கணிப்பொறி வழியாகவே அங்குள்ள நிலையத்துக்கு மாற்றலாம். அவர்கள் அதை ஏற்றுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மருந்தைத் தொடரலாம். சத்துணவுக்கென்று 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயும் நோயாளியின் வங்கிக் கணக்கில் போடப்படுவதும் இந்தப் பதிவை வைத்துத்தான்.

இன்னொரு நன்மையும் விளைந்தது. தனியார் டாக்டர்களிடம் போன நோயாளிகள் முன்பு சர்க்கார் கணக்கிலேயே இல்லை. 2012 மே மாதம், தனியாராக இருந்தாலும் ஒவ்வொரு காசநோயாளியைப் பற்றியும் தெரிவித்தே ஆக வேண்டும் என்று உத்தரவு வந்தது. 2018-ல் அது மருந்துக் கடைகளையும் கட்டுப்படுத்தும்படி விரிவாயிற்று. தெரிவிக்கும் டாக்டருக்கு ஊக்கத்தொகையும் உண்டு. கணக்கில் வராத லட்சக்கணக்கான மக்கள் கணக்கில் வந்தது இந்த ஏற்பாட்டால்தான். ஆகவே கணிப்பொறி என்றவுடனே எதிர்க்கும் கூட்டத்தில் நாம் இல்லை.

எங்கே நழுவுகிறோம்?

முதலாவது, பதிவு தானாக நகர்வதில்லை. பார்சல் வண்டியேறினாலும் அதற்குரிய சீட்டை எழுதி அனுப்ப ஓர் ஆள் வேண்டும்; இறங்கும் இடத்தில் பார்த்து வாங்கிக்கொள்ளவும் ஓர் ஆள் வேண்டும். நோயாளி சொல்லாமல் போனால் மாற்றுவதற்கு வழியில்லை. சொல்லிவிட்டுப் போனாலும் அந்தப் பக்கத்தில் ஏற்றுக்கொள்ளாவிட்டால் கோரிக்கை திரையிலேயே தொங்கும். நம் ஆட்கள் ஏன் சொல்லாமல் போகிறார்கள்? திட்டுவார்கள் என்ற பயம். மொழி தெரியாத கூச்சம். வேலை திடீரென்று நின்று, அன்றிரவே வண்டியேறும் நிலை. இவற்றுக்கு நோயாளியைக் குற்றம் சொல்ல முடியுமா?

இரண்டாவது, பெயர். நமக்கு சர்நேம் கிடையாது. மும்பைப் பாரத்தில் அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று தகப்பனார் பெயரையோ ஊர்ப் பெயரையோ எழுதிவிடுவார்கள். ஊரில் சண்முகம் மகன் முருகன் ‘எஸ். முருகன்’, இங்கே ‘முருகன் சண்முகம்’, வங்கிப் புத்தகத்தில் ‘முருகன் எஸ்’. ஊரில் போய்ப் பழைய எண்ணைச் சொல்லாமல் மறுபடி பதிந்தால் ஒரே ஆள் இரண்டு நோயாளியாகிவிடுவான். இங்கே அவன் தொலைந்தவன். அங்கே அவன் புதியவன். முன்பு அரைகுறையாக மருந்து சாப்பிட்டவன் என்ற மிக முக்கியமான செய்தி அங்குள்ள டாக்டருக்குப் போய்ச் சேராது. பெயர் பொருந்தாவிட்டால் சத்துணவுப் பணமும் நின்றுவிடும்.

மூன்றாவது, செல்போன். சொந்த போன் இல்லாதவன் மேஸ்திரியின் எண்ணைக் கொடுக்கிறான். நோயைப் பற்றிய அழைப்பும் செய்தியும் மேஸ்திரிக்குப் போகின்றன. மறுநாள் வேலை இல்லை. எச்.ஐ.வி. கண்டவர்களை வேலையிலும் குடியிருப்பிலும் பாதுகாக்க 2017-ல் தனிச் சட்டம் வந்தது. காசநோயாளிக்கு அப்படித் தனிச் சட்டம் ஏதுமில்லை. அவன் ரகசியத்தைக் காக்க வேண்டிய பதிவே அவனைக் காட்டிக்கொடுக்கலாமா?

நான்காவது, குடும்பம். நோயாளியோடு இருப்பவர்களையும் சோதித்து, தேவைப்பட்டால் தடுப்பு மாத்திரை கொடுக்க வேண்டும் என்பது விதி. நம்மவனுக்கோ இரண்டு குடும்பம். இங்கே அறையில் உடன் படுக்கும் ஏழு பேர். ஊரில் மனைவி மக்கள். பதிவில் ஒரு முகவரிதான் ஏறுகிறது என்றால் மற்றொரு பாதி சோதனையில்லாமல் நின்றுவிடும்.

ஐந்தாவது, கணக்கு நிறைந்தாலும் மாத்திரை நிறைவதில்லை. 2024 மார்ச்சில் மருந்து வரத்து தட்டுப்பட்டு, மூன்று மாதத்துக்கு வேண்டியதை மாநிலங்களே உள்ளூரில் வாங்கிக்கொள்ளும்படி மத்திய சர்க்கார் கடிதம் எழுதியது. ஒவ்வொரு நோயாளிக்கும் எண் கொடுக்கத் தெரிந்த ஆட்சிக்கு, அந்த எண்ணிக்கைக்குத் தக்கபடி முன்கூட்டி மருந்து வாங்கி வைக்க ஏன் முடியவில்லை? நோயாளி மாத்திரை விட்டால் பதிவில் அவன் பெயர் ஏறுகிறது. சர்க்கார் மாத்திரை விட்டால் எந்தப் பதிவில் யார் பெயர் ஏறும்?

இதையெல்லாம் சொல்வதால் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஊழியரை நாம் பழிக்கவில்லை. எழுத்தர் வேலை என்ன என்று நமக்குத் தெரியும். காலையில் நோயாளிகளைத் தேடித் தெருத் தெருவாக அலைந்துவிட்டு, இரவில் அத்தனையையும் கணிப்பொறியில் ஏற்ற வேண்டியவர்கள் அவர்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்த ஊழியர்கள். இலக்குக்கான எண்ணை மட்டும் மேலிடம் கேட்டுக்கொண்டிருந்தால், எண்தான் மேலே போகும். நோயாளி கீழேயே கிடப்பான்.

கணக்கு எதற்காக?

கணக்கை உயிர் காக்கப் பயன்படுத்தலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2022-ல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ அது. நோய் கண்டவுடனே சில எளிய கேள்விகள். உயரத்துக்குத் தக்க எடை மிகவும் குறைந்துவிட்டதா? காலில் வீக்கம் உண்டா? மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேல் வாங்குகிறதா? ரத்தத்தில் ஆக்ஸிஜன் 94 சதவீதத்துக்குக் கீழா? பிறர் தாங்காமல் எழுந்து நிற்க முடிகிறதா? இவற்றுக்குப் பெரிய லேபரட்டரி எதுவும் வேண்டாம். விடைகளைப் பதிந்தால், ஆபத்தில் இருப்பவர் யார் என்று உடனே தெரியும். அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கவனிக்கிறார்கள். எத்தனை பேர் என்று கேட்பதோடு, யார் சாகும் நிலையில் இருக்கிறார் என்றும் அந்தக் கணக்கு கேட்கிறது. நம்மில் பலர் எழுந்து நிற்க முடியாத நிலை வந்தபிறகுதான் ஊர் வண்டி ஏறுகிறோம் என்பதை நினைத்தால், இங்கேயும் இந்தக் கேள்விகள் கேட்கப்பட வேண்டியதன் அவசரம் புரியும்.

1979-ல் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் வந்தபோது, ஒப்பந்தக்காரர் ஒவ்வொரு தொழிலாளிக்கும் போட்டோ ஒட்டிய பாஸ்புக் கொடுக்க வேண்டும் என்றார்கள். 2020-ல் அந்தச் சட்டமே ஒரு தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது. அந்தப் பாஸ்புக்கை நம்மில் எத்தனை பேர் கண்ணால் கண்டோம்? பதிவு என்பது நம் கையிலும் இருக்க வேண்டும். கேட்டு வாங்காதவனுக்கு அது வராது என்பதே அதிலிருந்து நாம் கற்ற பாடம். நிக்ஷய் எண்ணுக்கும் அதே கதி வர விடக்கூடாது.

குடும்பங்கள் செய்ய வேண்டியவை:

1. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு, சளியில் ரத்தம் இருந்தால் ஊருக்குக் கிளம்பும் முன்பே இங்கே சோதித்துக்கொள்ளுங்கள். சோதனையும் மருந்தும் இலவசம்.

2. நோய் உறுதியானால் நிக்ஷய் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ரேஷன் கார்டு வைத்திருக்கும் இடத்தில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஊரிலுள்ள வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள்.

3. ஊருக்குப் போவதாக இருந்தால் டிக்கெட் எடுத்த அன்றே டிஸ்பென்சரியில் சொல்லுங்கள். போகும் ஊர், தாலுகா, மாவட்டம் மூன்றையும் சொல்லிப் பதிவை மாற்றச் சொல்லுங்கள். பயணத்துக்கும், அங்கே சேரும் வரைக்கும் போதுமான மாத்திரையைக் கையோடு வாங்குங்கள். சொல்லாமல் போய்விட்டவர்களும் அஞ்ச வேண்டாம். ஊர் நிலையத்தில் அந்த எண்ணைக் காட்டுங்கள்.

4. பாரத்தில் உங்கள் எண்ணையோ, மனைவி மக்களின் எண்ணையோ கொடுங்கள். மேஸ்திரியின் எண் வேண்டாம். பெயரை வங்கிப் புத்தகத்தில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள்.

5. சந்தேகம் இருந்தால் 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள். ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள், நீண்ட கால நோய்க்கான உதவித்தொகைப் பட்டியலில் காசநோயும் இருப்பதை மறவாதீர்கள். தகுதியுள்ளவருக்குச் சம்பளத்தில் 80 சதவீதம் கிடைக்கும்.

சர்க்காரிடமும் மாநகராட்சியிடமும் நாம் கேட்பவை:

இடம் மாறிய நோயாளியை ஏற்றுக்கொள்வதற்குக் கெடு வேண்டும். அந்தக் கெடுவுக்குள் ஏற்காத நிலையம் பதில் சொல்ல வேண்டும். பதிவில் வேலை செய்யும் இடத்து முகவரி, சொந்த ஊர் முகவரி இரண்டும் ஏற வேண்டும். இரு இடத்துக் குடும்பத்தாரும் சோதிக்கப்பட வேண்டும். சர்நேம் இல்லாத பெயரை உள்ளபடி ஏற்க வேண்டும். முதலாளிக்கோ மேஸ்திரிக்கோ நோய்ச் செய்தி போகக் கூடாது. நோயைக் காட்டி வேலையை விட்டும் வீட்டை விட்டும் நீக்குவதைத் தடுக்கச் சட்டம் வேண்டும். தமிழர் அதிகம் வாழும் பகுதிகளில் தமிழ் தெரிந்த ஊழியர் வேண்டும். பதிவேற்றும் ஒப்பந்த ஊழியரை நிரந்தரமாக்க வேண்டும். மருந்து இருப்பு ஒவ்வொரு நிலையத்திலும் வெளிப்படையாக எழுதிப் போடப்பட வேண்டும்.

சங்கத்தின் ஒவ்வொரு கிளையிலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இதற்கென்று பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். டிஸ்பென்சரிக்குத் துணைக்குப் போவது, பாரம் எழுத உதவுவது, ஊருக்குப் போனவர் அங்கே மருந்து வாங்கிவிட்டாரா என்று ஒரு போன் செய்து கேட்பது ஆகியவையே அவர்கள் வேலை. நோயாளிகளின் பெயர்ப் பட்டியலைச் சங்கம் எழுதி வைக்காது. அவர் பெயர் அவருக்கும் மருத்துவருக்கும் உரியது.

ஊருக்குப் போகிறவரை வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வருவது நம் வழக்கம். தண்ணீர் பாட்டில் இருக்கிறதா, டிக்கெட் இருக்கிறதா என்று ஜன்னல் ஓரம் நின்று கேட்கிறோம். இனி மாத்திரை இருக்கிறதா, எண் இருக்கிறதா, அங்கே சொல்லியாகிவிட்டதா என்றும் கேட்போம். கேட்பதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை, தோழர்களே!